பாதி சேவியர்

எனக்கு முப்பத்தொன்றாம் வயதில் இடது கடைவாய்ப்பல் ஒன்று போகும் என்பது நான் பிறப்பதற்கு அறுபது வருடம் முன்பே தெரிந்த விஷயம். போயிற்று. முப்பத்து நான்கில் தைராய்டு வீங்கும் என்றார்கள். சொன்னபடி வீங்கியது. ஐம்பத்தெட்டில் முழங்கால் மடங்காமல் போகுமாம். அதற்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது. எனக்கொன்றும் அவசரமில்லை.

என் பெயர் உமையாள் ஆறு. செவ்வாயில் புதுக்கரை என்கிற குடியிருப்பில் கோழி வளர்க்கிறேன். எனக்கு முன்னால் ஐந்து உமையாள்கள். ஐந்து பேரும் கோழிதான் வளர்த்தார்கள். ஐந்து பேருக்கும் வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் என் எதிரில் சொல்வதில்லை.

நூறு வருடம் முன்பு பூமியிலிருந்து நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். வந்த இடத்தில் அவர்களுக்குக் குழந்தை உண்டாகவில்லை. இங்கே எல்லாவற்றுக்கும் எடை குறைவு. பூமியில் ஐம்பது கிலோ இருந்தவள் இங்கே இருபதுகூட இருக்கமாட்டாள். காயம் ஆறியது, முடி வளர்ந்தது, உடம்பின் செல்கள் இரண்டிரண்டாகப் பிரியும் வேலை ஒழுங்காகவே நடந்தது. கருமுட்டையும் விந்தும் உண்டாக வேண்டிய அந்த இன்னொரு வகைப் பிரிவு மட்டும் பாதியில் நின்றுபோனது. எவ்வளவோ செய்து பார்த்தார்கள். கடைசியில், உடம்பிலிருந்து ஒரு செல்லை எடுத்து அதையே கருவாக்கிச் சுமப்பது என்று முடிவானது. உமையாள் ஒன்று, உமையாள் இரண்டைப் பெற்றாள். ஆண்களின் நகலை மனைவிமார் சுமந்தார்கள். அந்த நாற்பது பேர்தான் இன்று இருநூற்றுப் பதினான்கு பேராக நடமாடுகிறோம்.

என்னைப் பெற்ற உமையாள் ஐந்தை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா என்ற சொல் எங்கள் ஊரில் காலில் ஏதாவது இடித்துக்கொண்டால் மட்டுமே வாயில் வரும்.

இதில் பெரிய சௌகரியம் உண்டு. ஒருவருடைய காதைப் பார்த்தால் எந்த வரிசை என்று தெரிந்துவிடும். வரிசை தெரிந்தால் அவருடைய வியாதி, வேலை, கோபம், பிடித்த குழம்பு எல்லாமே தெரிந்துவிடும். ஒரு அடையாளம் கண்ணில் பட்டால் முழு ஆளும் வந்துவிட்டார் என்று நாங்கள் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தால் நான் எட்டு மாதம் தினமும் செத்துப் பிழைத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சேவியர் ஐந்து என் கணவர். சேவியர்கள் எல்லோருக்கும் நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி பிறவியிலேயே வெள்ளையாக இருக்கும். எல்லோரும் தண்ணீர்க் குழாய் வேலை பார்ப்பார்கள். வேலை செய்யும்போது சுருதி சேராமல் எதையாவது முணுமுணுப்பார்கள். பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். முதலில் யாருடைய நகலைப் பெறுவது என்பதில்தான் எங்கள் சண்டை எப்போதும் வந்து நிற்கும்.

"இன்னொரு உமையாளா? ஒண்ணுக்கே எனக்குக் காது வலிக்குது," என்பார்.

"இன்னொரு சேவியர் வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பாடுவீங்க. அதுக்கு இந்த வலி தேவலாம்," என்பேன்.

சண்டை முடியவில்லை. அதற்குள் கோழிகள் தும்ம ஆரம்பித்தன.

கோழிக் காய்ச்சல் என்று பின்னால் பெயர் வைத்தோம். என் கொட்டகையில் தொடங்கி நான்கே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. எனக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகியது. மற்ற வரிசைகளுக்கும் அவ்வளவுதான். சேவியர்களுக்கு மட்டும் மூன்றாம் நாள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. உதடு நீலமாயிற்று. எழுபத்தொரு வயதுச் சேவியர் மூன்று, ஐம்பத்தைந்து வயதுச் சேவியர் நான்கு, என் கணவர், அவருக்குத் தம்பியாகப் பிறந்த பத்தொன்பதே வயதான சேவியர் ஆறு. ஒரே வாரத்தில் நான்கு பேரும் போனார்கள். உலகத்தில் சேவியர் என்று ஒருவரும் மிச்சமில்லை.

காரியமெல்லாம் முடிந்து டாக்டர் கமருன்னிஷா நான்கு என் வீட்டுக்கு வந்தார். கமருக்கா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் உடுப்புலதான் வீட்டுக்கு வந்துச்சு, கமருக்கா," என்றேன்.

"ஊர்ல எல்லார் உடுப்புலயும் இருந்துச்சு. அதைத் தலையில தூக்கி வெச்சுக்காத. நாலு வீட்டுக்கும் ஒரே பூட்டு, உமை. கிருமிக்கு ஒரு சாவி அமைஞ்சுபோச்சு. நாலும் திறந்துக்கிச்சு."

"உறைபெட்டியில அவரோட செல் இருக்குல்ல?"

"இருக்கு."

"நான் அவரையே திரும்பப் பெத்துக்கிறேன். சேவியர் ஏழு."

கமருக்கா என் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். பேரவைத் தலைவர் தில்லைநாயகம் நான்குதான் மறுநாள் பதில் சொன்னார். நல்ல மனிதர். எதையும் நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"கோழியை நம்மால ஒழிக்க முடியாதும்மா. முட்டை இல்லாட்டி பிள்ளைங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றது? கோழி இருக்கிற வரைக்கும் காய்ச்சலும் இருக்கும். சாகறதுக்குன்னே ஒரு பிள்ளையைப் பெத்துக்குவியா நீ? சேவியர் வரிசையை மூடியாச்சு."

நான் அவரை என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னது சரி என்பதால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

ஒரு மாதம் போயிற்று. கமருக்கா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேசை முழுக்கப் பழைய வரைபடங்கள். வந்து இறங்கிய நாற்பது பேரின் மரபணுவையும் பூமியில் படித்துக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதைப் படிக்கும் கருவி எப்போதோ பழுதாகிவிட்டது. படித்த தாள்கள் மட்டும் இருந்தன.

"அந்தப் பூட்டு எதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்," என்றார். "எல்லாருக்கும் எல்லாமே ரெண்டு ரெண்டு உமை. நூல்ல மணி கோத்த மாதிரி குரோமோசோம். அம்மாகிட்டேருந்து ஒரு நூல், அப்பாகிட்டேருந்து ஒரு நூல். பூமியில இருந்த அம்மா அப்பா. சேவியருக்கு ஒரு நூல்ல நல்ல பூட்டு இருக்கு. இன்னொரு நூல்ல இருக்கிறது ஓட்டைப் பூட்டு. ஓட்டை ஒண்ணு இருந்தாலே போதும், கிருமி உள்ள வந்துரும்."

"நல்லதும் இருக்குல்ல. அதை மட்டும் நகல் எடுங்க."

"நகலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மைட்டாசிஸ்னு பேரு. நாப்பத்தாறு நூலையும் ஒண்ணு விடாம படி எடுத்து, பிரியற ரெண்டு செல்லுக்கும் முழுசா முழுசா கொடுக்கும். ரொம்ப நேர்மையான வேலை. நல்லதையும் விடாது, கெட்டதையும் விடாது. ஆயிரம் சேவியர் பெத்தாலும் ஆயிரம் பேருக்கும் அந்த ஓட்டை இருக்கும்."

"இதைச் சொல்லவா கூப்பிட்டீங்க?"

"கோவிச்சுக்காம கேளு. இன்னொரு பிரிவு இருக்கு. மியாசிஸ். அது ரெண்டு தடவை பிரிஞ்சு, நூல் எண்ணிக்கையைப் பாதியாக்கிரும். ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணுதான் போகும், மொத்தம் இருபத்துமூணு. எந்த ஒண்ணு போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. மீதி இருபத்துமூணு உன்கிட்டேருந்து. உன் வரிசைக்கு ரெண்டுமே நல்ல பூட்டு."

"இங்கதான் அது நடக்காதே."

"எடை குறைவா இருக்கிறதால நூல் ஜோடி சேர மாட்டேங்குது. சுத்திவிட்டா எடை வரும். முதல்ல வந்தவங்களும் முயற்சி பண்ணியிருக்காங்க. அறுபத்தினாலு நாள் நிக்காம சுத்தணும். அப்போ கரண்ட் அடிக்கடி போகும். இப்போ போறதில்ல."

ஜன்னலோரம் சலவைக்கூடத்தின் பழைய துணி துவைக்கும் உருளை ஒன்று இருந்தது. அதில் கமருக்கா தன் கையால் என்னென்னவோ பொருத்தி வைத்திருந்தார்.

"அப்போ அவர்ல பாதி போயிரும்," என்றேன்.

"போகும். போற பாதியில அந்த ஓட்டையும் போகலாம்."

"பாதி சேவியரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். முழுதாக வேண்டும் என்றால் ஒன்றுமே கிடையாது. பாதி போதும் என்றால் ஏதோ ஒன்று கிடைக்கும். இதை ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் போய், "உங்க ராட்டினத்தைச் சுத்துங்க," என்றேன்.

அறுபத்து நான்கு நாள் அது சுற்றியது, உறைபெட்டியிலிருந்து எடுத்த என் கணவரின் செல்களோடு. என் செல்களும் அதில் சுற்றின. பேரவையில் தில்லைநாயகம் ஐயா நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இரண்டு வரிசையைக் கலக்கக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அப்படி ஒருத்தி கேட்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. பதினோரு முயற்சியில் ஒன்று தங்கியது. அதிலிருந்து ஒரு செல்லை எடுத்துச் சோதிக்கவும் கமருக்காவுக்கு மனம் வரவில்லை. இருப்பது ஒன்று, அதையும் கிள்ளிப் பார்ப்பானேன் என்றார்.

ஆறாம் மாதம் அவர் இன்னொன்று சொன்னார். அதைச் சொல்ல அவருக்கும் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சேவியரோட அந்த வெள்ளை முடி இருக்குல்ல, உமை. அந்த மணியும் ஓட்டைப் பூட்டும் ஒரே நூல்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கு. குழந்தைக்கு வெள்ளை முடி வந்தா, நூத்துக்குத் தொண்ணூத்தாறு, ஓட்டையும் வந்திருக்கும்."

"மீதி நாலு?"

"அது புத்தகத்துல இருக்கிற நாலு. நம்ம ஊர்ல நான் கண்டதில்ல."

என் கணவருடைய முகத்தை இன்னொரு தடவை பார்ப்பதற்காகத்தான் நான் இந்தப் பாடெல்லாம் பட்டேன். அந்த வெள்ளை முடியைத் தடவிக்கொண்டே தூங்கியவள் நான். இப்போது வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கறுப்பு முடி, கறுப்பு முடி, வேறெதுவும் அவரைப் போல வேண்டாம் என்று தினமும் வேண்டினேன். இதைவிடக் கொடுமையான வேண்டுதலை எந்த மனைவியாவது வேண்டியிருப்பாளா என்று தெரியவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. அக்காதான் முதலில் வாங்கினாள். வாங்கியவள் துணியை இழுத்துக் குழந்தையின் நெற்றியை மூடினாள். அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

கமருக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் துணியை விலக்கி அந்த வெள்ளைக் கொத்தைப் பார்த்தேன். அழுதேன். அதில் எவ்வளவு துக்கம், எவ்வளவு சந்தோஷம் என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

அமலி என்று பெயர் வைத்தேன். ஊரில் வேறு மாதிரி சொன்னார்கள். "பாதி சேவியர்னாங்க. பார்த்தா முழுசா சேவியராத்தான் இருக்கு," என்றார்கள். நெற்றியைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார்கள். முடி வந்தால் ஆளே வந்த மாதிரி, ஆள் வந்தால் சாவும் வந்த மாதிரி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். தொண்ணூற்றாறு என்று டாக்டர் சொன்னதை நான் நூறு என்றுதான் கேட்டுக்கொண்டேன்.

தில்லைநாயகம் ஐயா வாசலில் நின்றபடியே பேசினார். "கண்ணாடி அறை ஒண்ணு காலியா இருக்கும்மா. காத்தை வடிகட்டித்தான் உள்ள விடுவோம். குழந்தை அதுலயே வளரட்டும்."

"எத்தனை வருஷத்துக்கு?"

அவர் நோட்டை விரித்துப் பார்த்தார்.

"அவ இருக்கிற வரைக்கும் என் மடியில இருக்கட்டும் ஐயா. கண்ணாடியில வேண்டாம்."

வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். கோழிகளை அக்கா ஏற்றுக்கொண்டாள், மடங்காத முழங்காலோடு. யாரும் உள்ளே வருவதில்லை. கஞ்சி மாவு, பழைய துணி, பொம்மை எல்லாம் வாசலில் வந்து சேரும். வைத்துவிட்டு யாரென்று சொல்லாமலே போய்விடுவார்கள். அந்த எட்டு மாதம் வாசலில் யார் யார் என்னென்ன வைத்தார்கள் என்பது எனக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன்.

போகப் போக ஜன்னலோரம் கூட்டம் சேர ஆரம்பித்தது. பயம் குறைந்து ஆசை வந்துவிட்டது. எங்கள் ஊரில் அதுவரை எந்தக் குழந்தையின் முகமும் புதிதாக இருந்ததில்லை. அமலியின் மூக்கு உமையாள் மூக்கும் இல்லை, சேவியர் மூக்கும் இல்லை. அவளுக்கு எப்போது பல் முளைக்கும் என்று யாருக்கும் தெரியாது. நாலரை மாதத்தில் முளைத்தது. ஜன்னலுக்கு வெளியே கைதட்டினார்கள். சிரித்தாள் என்றால் யாருடைய சிரிப்பு என்று பெரியவர்கள் வாக்குவாதம் செய்தார்கள்.

"இது யாரோட சிரிப்பும் இல்ல," என்று அக்கா ஜன்னல் வழியாகவே தீர்ப்புச் சொன்னாள். "இது அவளோடது."

எட்டாம் மாதம் கோழிகள் திரும்பத் தும்மின. அக்கா நொண்டிக்கொண்டே வந்து வெளியே நின்று சொன்னாள். கதவு, ஜன்னல், காற்றுக் குழாய் எல்லாவற்றையும் அடைத்தேன். இரண்டு நாள் கழித்து எனக்கு மூக்கு ஒழுகியது. அன்று சாயங்காலம் அமலியின் உடம்பு சுட்டது.

கமருக்கா வந்தார். முகமூடிகூடப் போடவில்லை. இனி போட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பார்.

முதல் நாள் அவள் பால் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் இருமினாள். அந்த இருமல் எனக்குத் தெரியும். நான்கு பேரிடம் கேட்டிருக்கிறேன். அவளை மார்போடு போட்டுக்கொண்டு என் கணவருடைய பாட்டை முணுமுணுத்தேன். அவர் பாடியது போலவே சுருதி சேராமல்தான் பாடினேன். கமருக்கா அரை மணிக்கு ஒரு தடவை குழந்தையின் உதட்டைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. எனக்குத் துணிச்சல் இல்லை.

மூன்றாம் நாள் காலை, ஊரின் கண்ணாடிக் கூரை வெளுத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. யாரோ என் மூக்கைப் பிடித்து இழுத்தார்கள். அமலிதான். உதடு சிவப்பாக இருந்தது. மூக்கு மட்டும் ஒழுகியது, எனக்கு ஒழுகுவது போலவே. கமருக்கா கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினார். அவள் அதைத் தட்டிவிட்டுக் கத்தினாள். என் வாய் அவளுக்கு வந்திருக்கிறது என்பது அப்போது ஊருக்கே கேட்டது.

கமருக்கா குழந்தையின் மார்பில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயது டாக்டர், கால்களை நீட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"நீர் கோக்கல உமை. சுத்தமா இருக்கு. அவளுக்கு அந்த ஓட்டைப் பூட்டு இல்ல."

"வெள்ளை முடி இருக்கே."

"அதான் அந்த நாலு."

ஒரு வாரம் கழித்து அமலியின் ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் வைத்துக் கிருமியோடு சேர்த்துப் பார்த்தார். முன் தடவை கிருமியை யாரும் எடுத்து வைக்கவில்லை, இந்தத் தடவைதான் அது கைக்குக் கிடைத்தது. கிருமியால் உள்ளே போக முடியவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கும்படி சொன்னார்.

"மியாசிஸ்ல நூல் பிரியறதுக்கு முன்னாடி ஒரு வேலை நடக்கும். அம்மா கொடுத்த நூலும் அப்பா கொடுத்த நூலும் பக்கத்துல வந்து ஒட்டிக்கும். அப்போ இடையிடையே துண்டு மாத்திக்கும். இதுல கொஞ்சம் அதுக்கு, அதுல கொஞ்சம் இதுக்கு. வெள்ளை முடிக்கும் ஓட்டைப் பூட்டுக்கும் நடுவுல இருக்கிற அந்தத் துளி இடத்துல சரியா ஒரு மாத்து நடந்திருக்கு. முடி வந்துச்சு. ஓட்டை அங்கேயே நின்னுபோச்சு. அதோட இடத்துல அடுத்த நூலோட நல்ல பூட்டு வந்து உட்கார்ந்துக்கிச்சு."

"இத்தனை வருஷம் ரெண்டும் ஒரே உடம்புலதானே இருந்துச்சு? ஏன் மாத்திக்கல?"

"ஒரே வீட்டுல பேச்சுவார்த்தை இல்லாம இருக்கிறவங்க மாதிரிதான். நகல் எடுக்கும்போது அதுங்க ஒண்ணையொண்ணு திரும்பிப் பார்க்கிறதில்ல. முதல் சேவியர்ல இருந்து உன் வீட்டுக்காரர் வரைக்கும் நூறு வருஷம் அப்படியே போச்சு. அந்தப் பாதியை உண்டாக்கின நேரத்துலதான் முதல் தடவையா பக்கத்துல வந்துச்சு."

"அப்போ நகல்னாலே கெடுதல்தானா?"

"அப்படிச் சொன்னா நன்றி கெட்ட பேச்சு. கலந்தது ஒரே ஒரு செல். அந்த ஒண்ணை இவ்வளவு பெரிய பிள்ளையா வளர்த்தது யாரு? மைட்டாசிஸ்தான். ஒரு எழுத்து பிசகாம லட்சம் லட்சமா நகல் எடுத்துக் கொடுத்துச்சு. நாளைக்கு இவ விழுந்து முட்டி தேஞ்சா அதுதான் ஆத்தும். உடம்பை வளர்க்க அது வேணும். புதுசா ஒரு ஆள் பிறக்க இது வேணும். நாம ரெண்டு வேலையையும் ஒண்ணுகிட்டயே வாங்கிட்டிருந்தோம்."

அதற்குப் பிறகு கமருக்காவின் ராட்டினம் நிற்கவே இல்லை. வரிசையில் பதிமூன்று ஜோடிகள் காத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைக்கு என்னென்ன வியாதி வரும் என்று தெரியாதே என்று பயந்துகொண்டேதான் வருகிறார்கள். பயந்துகொண்டே வாருங்கள், அதில் தப்பில்லை என்று நான் சொல்கிறேன்.

அமலியின் முதல் பிறந்தநாளுக்குத் தில்லைநாயகம் ஐயா பதிவேட்டோடு வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். கையில் இன்னொரு கனத்த நோட்டும் இருந்தது. சேவியர்களின் வரிசை நோட்டு. ஒரு வரிசையின் நோட்டை அந்த வரிசைக்காரர்கள் தவிர வேறு யாரும் பார்க்கக்கூடாது. பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைத் திறந்ததில்லை.

"வரிசையை மூடினப்ப இது பேரவைக்கு வந்துச்சு," என்றார். "யோசிச்சுப் பார்த்தேன். இதுல பாதி இந்தக் குழந்தைக்குச் சேரும்னு படுது. அவ படிக்கிற வரைக்கும் நீ படி."

முதல் பக்கம், முதல் சேவியரின் கையெழுத்து. பூமியிலிருந்து கிளம்பிய வருடம் எழுதியது.

'அம்மா பிலோமினா. முன்நெற்றியில் வெள்ளை முடி. என் முகம், குரல், பிடிவாதம் எல்லாம் அவள் கொடுத்தது. அப்பா சூசைமரியான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கணக்கப்பிள்ளை. அதிகம் பேசமாட்டார். அவரிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை.'

கடைசி வரியின் ஓரத்தில், பின்னால் வந்த ஒவ்வொரு சேவியரும் 'உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என் கணவரின் கையெழுத்தும் இருந்தது.

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. வெள்ளை முடி பிலோமினா கொடுத்தது. அதன் பக்கத்தில் இருந்த ஓட்டைப் பூட்டும் அவளிடமிருந்து வந்ததுதான். அப்படியானால் நல்ல பூட்டு வேறு யாரிடமிருந்து வந்திருக்க முடியும்? ஆறு சேவியர்களும் அதைக் கடைசி வரை உடம்புக்குள் வைத்திருந்தார்கள். வைத்துக்கொண்டே ஒன்றும் வரவில்லை என்று கையெழுத்தும் போட்டார்கள். தூத்துக்குடியில், மகன் தன்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டே அந்த மனிதர் செத்தும் போயிருப்பார். அவர் கொடுத்ததுதான் மூன்றாம் நாள் காலையில் என் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"என்னம்மா, அழற?" என்றார் ஐயா.

"ஒண்ணுமில்ல. நீங்க எழுதுங்க."

"அமலின்னு எழுதிட்டேன். பக்கத்துல எண் போடணும். வரிசையே இல்லாத பிள்ளைக்கு எந்த எண்ணைப் போடறது? நோட்டுல இதுக்கு வழியே இல்ல."

பூமியில் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்தைப் போடுவார்கள் என்று அக்கா எப்போதோ சொல்லியிருக்கிறாள். சிலர் அதற்கும் முன்னால் தாத்தாவின் எழுத்தையும் சேர்த்துக்கொள்வார்களாம். எங்களில் யாருக்கும் அப்பா இல்லாததால் அந்த வழக்கமே இங்கே வரவில்லை.

"எண் வேண்டாம் ஐயா. முன்னாடி ரெண்டு எழுத்து போடுங்க. சூ. சே. அமலி."

"சே தெரியுது. சூ யாரு?"

"அவளோட தாத்தா. சூசைமரியான்."

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "பெத்தவ நீ. உன் எழுத்து வேண்டாமா?"

"எனக்குத்தான் தினமும் அவ சிரிப்பு கிடைக்குதே. அந்த மனுஷனுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் நன்றி சொல்லல."

தில்லைநாயகம் ஐயா எழுதினார். நூறு வருடமாக அந்தப் பதிவேட்டில் யாரும் பெயருக்கு முன்னால் எழுதியதில்லை. அதற்கு இடமே விட்டிருக்கவில்லை. அதனால் 'சூ' கோட்டைத் தாண்டி ஓரத்துக்குப் போய்விட்டது. அது பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன்.